கொலோனுக்குக் குடிபோகும் காரைக்குடித் தம்பதியருக்கு: சனி, ஞாயிறு பயணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியிருந்துவிட்டு இப்போது காரைக்குடிக்கே திரும்பிவிட்டோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் அங்கே போவது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணும் விசா வாங்கிச் சேர்ந்துகொள்கிறாள். விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்ததும் புதுத் தம்பதிகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

வாரமெல்லாம் ஆபீஸ், சனி ஞாயிறில் வீட்டு வேலை. இதில் ஊர் சுற்ற நேரம் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சட்டப்படியே மூடிவிடுவார்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், ரொட்டிக் கடைகள் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. சத்தம் போடும் வீட்டு வேலைகளையும் அன்று செய்யக் கூடாது. சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆகவே ஞாயிறு முழுவதும் உங்களுக்கே உங்களுக்கு.

வெள்ளிக்கிழமை மாலையே அரிசி, காய்கறி, பால் எல்லாம் வாங்கிவிடுங்கள். துணி துவைப்பதையும் அன்றைக்கே முடியுங்கள். சனிக்கிழமை வெளியூர், ஞாயிறு ஓய்வு என்று வைத்தாலும் சரி, மாற்றி வைத்தாலும் சரி. அருங்காட்சியகம் பார்ப்பதைத் திங்கட்கிழமைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலானவை மூடியிருக்கும்.

அக்கா, ரயில் டிக்கெட்டுக்கே பாதிச் சம்பளம் போய்விடும் என்கிறார்களே?

அதிவேக ரயிலில் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் போகத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமானது. 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இந்த மாதச் சந்தா இருந்தால் நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயில்களில் செல்லாது. கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். ஒருவர் டிக்கெட்டில் மற்றவர் போக முடியாது. வேண்டாமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். மொழி தெரியாது, ஊருக்குப் புதிது என்று சொன்னாலும் பரிசோதகர் விடமாட்டார். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இந்த டிக்கெட்டைச் சலுகை விலையில் தருகின்றன. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

முதலில் எங்கே போவது? பாரிஸா, சுவிட்சர்லாந்தா?

இரண்டும் வேண்டாம், முதல் ஆறு மாதத்துக்கு. விடியற்காலையில் பல்லவனில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கிப் பழகிய நமக்கு மூன்று நான்கு மணி நேர ரயில் பயணம் பெரிதாகத் தோன்றாது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் கணக்கே வேறு. ஒரு பக்கம் இரண்டு மணி நேரம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர், அதையும் நடந்தே பாருங்கள்.

கொலோனைச் சுற்றி அந்த எல்லைக்குள்ளேயே ஒரு வருடத்துக்கு வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஆகன். சார்லமேன் பேரரசர் அடக்கமான பேராலயம் அங்கே இருக்கிறது. தெற்கே ரைன் ஆற்றை ஒட்டியே ரயில் போகும் கோப்ளென்ஸ். அதற்கு அப்பால் பிங்கன் வரை இரு கரையிலும் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களுமாக இருக்கும் பள்ளத்தாக்கு, 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ரயிலில் ஆற்றுப் பக்கத்து ஜன்னலைப் பிடித்து உட்காருங்கள்.

உள்ளூரையும் விட்டுவிடாதீர்கள். கொலோன் பேராலயத்தை 1248இல் கட்டத் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள், லிஃப்ட் கிடையாது.

பக்கத்து நாட்டுக்குப் போக ஒவ்வொரு தடவையும் விசா வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஜெர்மனி கொடுத்த குடியிருப்பு அட்டையோ நீண்டகால விசாவோ செல்லுபடியாக இருந்தால், தங்களுக்குள் தனித்தனி விசா இல்லாமல் போய்வர ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஷெங்கன் ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகளுக்குச் சுற்றுலா போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் அந்த மற்ற நாடுகளில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது 29 நாடுகள் இதில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நம் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும்.

பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போட்டோ நகல் போதாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை நடத்துகிறது. திரும்பி வரும்போது ரயிலுக்குள்ளேயே போலீசார் ஏறிக் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டில் சுத்த சைவம்.

காலையில் கிளம்பும்போதே கட்டுச்சோறு. புளிக்காய்ச்சல் இருந்தால் பத்து நிமிடத்தில் புளியோதரை ஆகிவிடும். கோடையில் தயிர்சாதத்தைத் தவிர்த்து இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி எடுத்துப் போங்கள். தேன்குழல், சீடை, கைமுறுக்கு எல்லாம் ரயிலில் கொறிக்க இருக்கவே இருக்கின்றன. ரயிலில் சாப்பிடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், வீட்டிலிருந்தே பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள்; காலிப் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

ஊரிலிருந்து பலகாரம் கொண்டுபோகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலில் செய்த பண்டங்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பால்கோவா, நெய், உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையையும் பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெயில் சுட்ட பலகாரம், பருப்புப் பொடி, வத்தல், கவுனி அரிசி ஆகியவற்றுக்குத் தொந்தரவு இல்லை.

மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார். என் மகள் நாலு சுவருக்குள் தனியாகக் கிடந்து அழுவாளே, என்ன செய்வது?

பெற்றவர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், மூன்று வருடக் கணக்குக்குப் போன கணவருக்காக ஆச்சிமார்கள் ஊரில் காத்திருந்தார்கள். இன்று பெண்ணும் கூடவே போகிறாள். ஆனால் காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் மாலை ஆறு மணிவரை அதே காத்திருப்புதான், அதுவும் அறிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில். முதல் குளிர்காலம் கடினமாக இருக்கும்.

மாப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சனிக்கிழமை எங்கே போவது என்ற முடிவை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஊரைத் தேர்ந்தெடுப்பது, ரயில் நேரம் பார்ப்பது, எந்த நடைமேடை, எங்கே மாற வேண்டும் என்று குறித்துவைப்பது எல்லாமே அவர் பொறுப்பில் இருக்கட்டும். செவ்வாய், புதன் கிழமைகளில் அதற்காக வரைபடம் பார்ப்பார், பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் அரைகுறை ஜெர்மனில் விசாரிப்பார். வாரத்துக்கு ஒரு பிடிப்பு வந்துவிடும். எனக்கு அந்த மொழி வகுப்பறையில் வந்ததைவிட ரயில் நிலைய அறிவிப்புகளைக் கேட்டு வந்ததுதான் அதிகம். 'தாமதம்', 'நடைமேடை மாற்றம்' என்ற இரண்டு அறிவிப்புகளும் காதில் விழுந்து, விழுந்த கணமே கணவரின் கையைப் பிடித்து எதிர் நடைமேடைக்கு இழுத்துக்கொண்டு ஓடிய அன்றைக்குத்தான் அந்த ஊர் எனக்கும் சொந்தம் என்று தோன்றியது.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து பெண் வேலைக்குப் போனாலும் இதே யோசனைதான்.

கோட்டை, சர்ச், சதுக்கம். நாலு ஊர் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே?

பார்க்கப் போகும்போது உங்களுக்கென்று ஒரு கேள்வி இருந்தால் அப்படித் தோன்றாது. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த பூக்கற்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இவற்றின் மேல்தான் ஓடியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைச் செய்தவர்களின் நாடான பெல்ஜியம் கொலோனிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே போய்ப் பார்க்காமல் வருவதா?

பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் செரேங் என்ற ஊரில், பழைய துறவி மடம் ஒன்றின் வளாகத்தில் 1826இல் வால் சான் லாம்பேர் என்ற படிகக் கண்ணாடி ஆலை தொடங்கியது. லியேஜ் நகரின் குர்ட்டியஸ் அருங்காட்சியகத்தில் பல நூற்றாண்டுக் கண்ணாடிப் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே செதுக்கு வேலை செய்த வண்ணக் கோப்பைகளுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். மேலே சிவப்பு, அடியில் நிறமற்ற கண்ணாடி. சிவப்பை மட்டும் சக்கரத்தில் தேய்த்து எடுத்து, அடிக்கண்ணாடி தெரியும்படி பூவாக்கியிருந்தார்கள். ஒரு கோப்பையில் இதழ் ஓரத்தில் தேய்த்தவரின் கை சற்று அழுத்தியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கோடு தடித்திருந்தது. ஞாயிறு காலையில் போனால் மியூஸ் ஆற்றங்கரையில் 'லா பாத்' சந்தையும் கூடும். காய்கறி, பாலாடைக்கட்டி, துணி, கோழிக்குஞ்சு என்று எல்லாம் கிடைக்கும்.

தரைக்கல்லில் ஆர்வம் இருந்தால் கொலோன் பேராலயத்திலேயே தொடங்கலாம். பலிபீடப் பகுதியின் தரையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதித்த மொசைக் ஓவியம் இருக்கிறது. வில்லெராய் அண்ட் போஹ் என்ற பீங்கான் நிறுவனம் செய்து கொடுத்தது. அதே நிறுவனத்தின் தலைமையிடம் சார் ஆற்றங்கரையில் மெட்லாஹ் என்ற சிற்றூரில், பழைய மடக் கட்டடத்தில் இருக்கிறது. மெட்லாஹ் கல் சுட்ட மண். நம் ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளையே கிடையாது: கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் கூழை அச்சுக்குள் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் இறங்குகிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு நம் ஊர்க் கைவேலைக்காரர்கள் மேல் மதிப்பு பல மடங்கு கூடும். எனக்குக் கூடியது.

பிள்ளையார்பட்டிக்கு மாதம் தவறாமல் போகிறவர்கள் நாங்கள். அங்கே கோயில் உண்டா?

உண்டு. ஹாம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களின் உழைப்பில் எழுந்தது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்கூடங்கள், நடுவில் 17 மீட்டர் ராஜகோபுரம். கோடையில் தேர்த் திருவிழா. காவடியும் பால்குடமும் ஜெர்மன் தெருவில் போகும், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம் நடக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள்.

கொலோனிலிருந்து ஹாம் நகருக்கு வட்டார ரயில் நேராகப் போகிறது. மேலே சொன்ன டிக்கெட்டே போதும். நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிறன்று பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மலையேற வேண்டும், அவளுக்குக் கடைவீதி பார்க்க வேண்டும். வாரா வாரம் சண்டை வருகிறதே?

முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒருவர் தேர்வு, மறு வாரம் மற்றவர் தேர்வு. அடுத்தவர் தேர்வு நாளில் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. என் கணவர் கோட்டை கோட்டையாக ஏற்றுவார். நான் சந்தைக்கும் மண்பாண்டக் கடைக்கும் இழுத்துப் போவேன். பசி வந்த பிறகு எதையும் பேசி முடிவெடுக்காதீர்கள். புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

வாரா வாரம் சுற்றினால் கையில் என்ன மிஞ்சும்? வீடு கட்ட வேண்டாமா?

மாமியார்கள் கேட்பது. நியாயமான கேள்விதான். பகல் பயணத்துக்கு டிக்கெட் ஏற்கெனவே கையில் இருக்கிறது, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. மிச்சம் ஒரு காபி, கழிப்பறைக்குச் சில்லறை, எப்போதாவது ஒரு நுழைவுச்சீட்டு. பணம் கரைவது இரவு தங்கும்போதுதான். ஆகவே தங்கும் பயணத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வையுங்கள். பயணச் செலவுக்குத் தனியாக ஒரு நோட்டு போட்டு அன்றன்றே எழுதுங்கள். கணக்கு எழுதும் வழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபது யூரோவுக்கு ரோமுக்கு விமான டிக்கெட் வருகிறதே, விடலாமா?

சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு என்றால் விட்டுவிடுங்கள். மலிவு விமானங்கள் பல நேரங்களில் ஊருக்கு வெகு தொலைவில் உள்ள நிலையங்களில் இறங்குகின்றன. ஃபிராங்க்ஃபர்ட் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பைக்குத் தனிக் கட்டணம், விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவில் கிளம்புவது, இறங்கிய ஊரில் தூக்கக் கலக்கம் எல்லாம் சேர்ந்து அந்த இருபது யூரோவின் மலிவைத் தின்றுவிடும்.

விடுமுறை வியாழக்கிழமை வந்தால் வெள்ளிக்கு லீவு போட்டு நான்கு நாள் ஆக்குவது அங்கே வழக்கம். ரோம், வெனிஸ், பளிங்கு வெட்டும் கராரா எல்லாம் அப்படிப்பட்ட நாட்களுக்கு. விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள்.

குளிர்காலத்தில் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?

டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, வெளிச்சத்தில் நடந்து, இருட்டியதும் அருங்காட்சியகத்துக்குள்ளோ கிறிஸ்துமஸ் சந்தைக்குள்ளோ போய்விடுங்கள். நல்ல காலணி வாங்குங்கள். கோட்டில் மிச்சம் பிடித்தாலும் காலணியில் பிடிக்காதீர்கள்.

அப்பச்சியும் ஆத்தாவும் வருகிறார்கள். அவர்களை எங்கே கூட்டிப்போவது?

அவர்கள் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். அதை இங்கேயே எடுத்துவிடலாம். பான் நகருக்கு அருகே கோனிக்ஸ்விண்டரில், 1883இலிருந்து ஓடும் பல்சக்கர ரயில் டிராகன்ஃபெல்ஸ் மலைமேல் ஏற்றிவிடும். முழங்கால் வலிக்காரர்களும் மேலிருந்து ரைன் ஆற்றைப் பார்க்கலாம். ஆற்றுப் படகுப் பயணமும் நல்லது. 533 படிக் கோபுரத்தின் பக்கமே போகாதீர்கள். வயதானவர்களோடு போகும் நாளில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவைக்க வேண்டும்.

ஒரே ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகுமாமே?

உண்மை. கோப்ளென்ஸிலிருந்து மோசெல் ஆற்றோரமாக வரும் வட்டார ரயில் ட்ரியரில் பிரியும். ஒரு பகுதி லக்சம்பர்க்குக்கும், மற்றது சார் ஆற்றுப் பக்கம் மெட்லாஹ் வழியாகவும் போகும். நடைமேடைப் பலகையில் எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று போட்டிருப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப் பெயர் ஒளிரும். ஏறிய பிறகு சந்தேகம் வந்தால் ட்ரியருக்கு முன்பே பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

ட்ரியரில் ரோமானியர் கட்டிய கருங்கோட்டை வாசலைப் பார்த்துவிட்டு ஓர் இரவு தங்கி, மறுநாள் லக்சம்பர்க் போவது அருமையான பயணம். எல்லைவரை மாதச் சந்தா செல்லும். எல்லைக்கு அப்பால் டிக்கெட்டே வேண்டாம். லக்சம்பர்க் நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து இரண்டாம் வகுப்பில் பொதுப் போக்குவரத்து முழுவதும் இலவசம். 1985இல் ஒப்பந்தம் கையெழுத்தான ஷெங்கன் கிராமமும் அந்த நாட்டில்தான், மோசெல் கரையில் இருக்கிறது.

ரயில் தாமதமாகி நடுவழியில் மாட்டிக்கொண்டால்?

கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்திய ரயிலைத் திரும்பும் ரயிலாக வைத்துக்கொண்டால், கடைசி ரயில் கைவசம் இருக்கும். தனியாக எடுத்த நெடுந்தூர டிக்கெட்டில் ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம்.

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். கையில் ஒரு தற்காலிகக் காகிதம்தான். பெல்ஜியம் போகலாமா?

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வராமல் எல்லை தாண்டாதீர்கள். அந்தக் காகிதத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிமை வேறு. தெரிந்தவர் ஒருவர் போய்வந்தார் என்பது உங்களுக்கு ஆதாரமாகாது. அட்டை வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே போங்கள். ஹாம் கோயிலும் மெட்லாஹும் நாட்டுக்குள்தான் இருக்கின்றன.

குழந்தை பிறந்த பிறகு இதெல்லாம் நின்றுவிடுமா?

நிற்காது, வேகம் குறையும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரயிலில் டிக்கெட் இல்லை. தள்ளுவண்டியோடு ஏற வட்டார ரயில்களில் அகலமான கதவும் தனி இடமும் உண்டு. நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முந்தின இரவே செயலியில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு பேர் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் அன்றைய பயணம் அங்கேயே அலுத்துவிடும். இரண்டு மணி நேர எல்லையை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் வசதியான இடங்கள். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை. ஒன்றிய நாடுகளில் அவசர சிகிச்சைக்கு அதைக் காட்டலாம். டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குப் போகும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.